சப்பாத்து போட்டுப் பார்த்த படிக்கட்டு

எங்கள் ஷொப்பிங் கொம்ப்ளெக்ஸைப் பார்த்தால் யாருக்கும் கடை போடத் தோன்றாது. மாத்தளை டவுனுக்கு நடுவில்தான் நிற்கிறது. ஆனாலும் லிப்ட் வேலை செய்யாது, பாதி விளக்கு எரியாது. ஒவ்வொருவராக ஷட்டரை இழுத்துவிட்டுப் போய், மூன்றாம் மாடியில் கடைசியாக மிஞ்சியது என் தையல் கடை. அவ்வளவு உயரம் ஏறிவந்து ப்ளவுஸ் தைக்க யாருக்கு என்ன தலையெழுத்து? மாதக் கடைசியில் காலி பண்ணுகிறேன் என்று கட்டட முதலாளியிடம் சொல்லிவிட்டேன்.

“வீட்டு முன்னறையில மெஷினைப் போட்டுக்கயேன்” என்றார் என் கணவர். அவருக்கென்ன, சொல்லிவிட்டார். எனக்கென்று இருந்தது அந்தச் சின்னக் கடை ஒன்றுதான். 

அந்த நேரம் பார்த்துத்தான் கீழ்த்தளத்தில், பழைய சேலைக் கடை இருந்த இடத்தில், ஒரு முஸ்லிம் நானா புதுக் கடை திறந்தார். பலாபத்வல ஊர்க்காரர். வெள்ளைக்காரர்களை ரிவர்ஸ்டன் பக்கம் மலையேறக் கூட்டிப்போய்த் திரிந்த மனிதர். கடை நிறையக் கூடாரம், கயிறு, முதுகுப் பை, மலையேறும் சப்பாத்து. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

“ஏன் நானா, வீடு வாசல் இருக்கிறவங்க எதுக்குக் கூடாரம் வாங்குறாங்க? வேற யாவாரமே கிடைக்கலையா?”

“பாப்போம் தங்கச்சி, அல்லாஹ் இருக்கான்” என்று மட்டும் சொன்னார். கோபிக்கக்கூட இல்லை.

நானாவிடம் ஒரு பழக்கம். சப்பாத்தை மாட்டியவுடன் விற்றுவிட மாட்டார். “மேல் மாடி வரைக்கும் ஏறி எறங்கிட்டு வாங்க. ஏறக்குள்ள ஒண்ணும் வெளங்காது. எறங்கக்குள்ளதான் விரல் முன்னால இடிக்குதான்னு தெரியும்” என்று படிக்கட்டைக் காட்டுவார்.

சனத்துக்கும் ஒரு பழக்கம். சேலைக் கடைக் காலத்தில் அந்த வாசலில் செருப்பைக் கழற்றாமல் யாரும் உள்ளே போனதில்லை. சப்பாத்துக் கடையான பிறகும் அப்படியே கழற்றினார்கள். “கழட்டத் தேவல்ல, தேவல்ல” என்று நானா எத்தனை கத்தினாலும் கேட்பாரில்லை.

நான் காலி பண்ண இருந்த சனிக்கிழமை, மலைக்குப் போகிற ஒரு கேம்பஸ் பிள்ளைகள் கூட்டம் நானாவின் கடைக்கு வந்து இறங்கியது. வாசல் கொள்ளாமல் செருப்பு ரோட்டு ஓரம் வரை பரவிவிட்டது. செருப்புக் குவிந்திருந்தால் உள்ளே விசேஷம் என்றுதானே அர்த்தம்! யாரோ தன்சல் என்றார்கள், யாரோ கந்தூரி என்றார்கள். எப்படியோ சும்மா சாப்பாடு உண்டு என்று பேச்சுப் பரவ, பல்லேபொல பஸ்ஸுக்கு நின்ற சனமெல்லாம் தங்கள் செருப்பையும் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்தது. சோறு இல்லை என்று தெரிந்தும் ஒருவரும் திரும்பவில்லை. வந்ததற்கு ஒரு சப்பாத்தையாவது மாட்டிப் பார்ப்போம் என்று உட்கார்ந்துவிட்டார்கள்.

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். மேலே நான் லொறிக்காரன் அனுப்பிய இரண்டு ஆட்களோடு மெஷினைக் கட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று தரை அதிர்ந்தது. ஓடிப்போய்க் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே பார்த்தேன்.

அம்மாடி! படிக்கட்டு முழுக்க ஆட்கள். சாரம் கட்டிய ஐயா, ஹபாயா போட்ட பெண்கள், சேலையைத் தூக்கிச் செருகிய அக்காமார், எல்லார் காலிலும் தடித் தடியாக மலைச் சப்பாத்து. ஏறுகிறார்கள், இறங்குகிறார்கள், நின்று விரலை அசைத்துப் பார்க்கிறார்கள். தமிழும் சிங்களமுமாக ஒரே இரைச்சல். செத்த கட்டடம் என்று நானே எத்தனை தரம் திட்டியிருப்பேன்!  மெஷினை அப்படியே மறந்து பார்த்துக்கொண்டு நின்றேன். என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள்.

“அக்கா, தூக்குறதா, இல்ல நாங்க போறதா?” என்று ஆட்களில் ஒருவன் கேட்ட பிறகுதான் சுயநினைவு வந்தது.

மெஷினைத் தூக்கிக்கொண்டு இறங்கினோம். இரண்டாம் மாடித் திருப்பத்தில் மாட்டிக்கொண்டோம். “வழி விடுங்கப்பா! கண்ணு தெரியலையா?” என்று கத்தினேன். யாரும் அசையவில்லை. அசைய இடம் இருந்தால்தானே!

எனக்கு நேர் எதிரே, கால் அளவுக்கு மிஞ்சிய சப்பாத்தோடு மூச்சிரைக்க ஒரு அக்கா நின்றார். கையில் புதுத் துணிப் பை.

“தங்கச்சி, மேல நல்ல தையல் கடை ஒண்ணு இருக்குன்னு கீழ அந்த நானா சொன்னாங்க. இன்னும் ஏறணுமா?”

“தையல் கடையா?” என்று பின்னால் நின்றவர் எட்டிப் பார்த்தார். “எனக்கும் இந்தக் காற்சட்டையக் கொஞ்சம் கட்டையாக்கணும்.”

அந்த நானாவை நான் எவ்வளவு கேலி பண்ணியிருக்கிறேன்! 

“இருக்கு அக்கா. இன்னும் ஒரு மாடிதான், பாத்து ஏறுங்க” என்றேன். பிறகு மெஷினைப் பிடித்திருந்தவன் மேல் எரிந்து விழுந்தேன்:

“என்ன பாத்துக்கிட்டு நிக்கிற? மேல தூக்கு!”