தோளில் இருந்த கை

இன்று மதியம் கெலமங்கலத்திலிருந்து ஒருவர் என் ஸ்டுடியோவுக்கு வந்தார். போன வருடம் அவருடைய மகள் கல்யாணத்துக்கு நான்தான் போட்டோ எடுத்தேன். மஞ்சப்பையிலிருந்து அதே ஆல்பத்தை எடுத்து மேஜையில் வைத்தார்.

"தம்பி, பாப்பா ஊட்டுக்கே வந்துடுச்சு. பேசி அந்தக் கல்யாணத்தையே அறுத்து விட்டாச்சு. இதுல அந்தாளை எடுத்துட்டு, பாப்பாவை மட்டும் தனியா போட்டுக் குடுங்க. தரகருக்குக் குடுக்கணும்."

"புதுசா ஒண்ணு எடுத்துக்கலாமே, ஐயா?"

"கேமரான்னாலே எந்திரிச்சு உள்ள போயிடுது, தம்பி."

கல்யாணத்துக்கு மறுநாள் கிருஷ்ணகிரி அணையில் எடுத்த அவுட்டோர் படம் ஒன்றைக் கம்ப்யூட்டரில் திறந்தேன். மாப்பிள்ளையை நீக்குவது சுலபமாக இருந்தது. பெண்ணின் தோளில் கிடந்த அவன் கைதான் லேசில் போகவில்லை. ஒவ்வொரு விரலாக அழித்து, அந்த இடத்தில் புடவையை ஒட்டவைத்துக்கொண்டிருந்தேன்.

ஸ்டுடியோவில் கூட இருக்கும் என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, எல்லாப் படத்துலயும் இந்தப் பொண்ணு அவன்கிட்ட இருந்து விலகித்தான் நிக்குது. எடுக்கும்போது தெரியலையா?"

தெரிந்தது. அதனால்தான், "சார், தோள்ல கை போட்டு நல்லா பக்கத்துல இழுத்துக்குங்க. மேடம், கொஞ்சம் சிரிங்க" என்று சொன்னேன்.

இதை மனைவியிடம் சொல்லவில்லை.

பிரிண்ட்டை வாங்கிப் பார்த்த பெண்ணின் அப்பா, "சிரிச்ச மூஞ்சி. வர்றவங்களுக்குப் பிடிச்சுப் போயிடும்" என்றார்.

உங்கள் கல்யாண ஆல்பத்தில் எதெல்லாம் போட்டோகிராபர் சொல்லிச் செய்தது என்று வீட்டில் கேட்டுப் பார்த்து, பின்னூட்டத்தில் எழுதுங்கள். கேட்கத் தைரியம் இல்லாதவர்கள் ஒரு சிரிப்பு மட்டும் போட்டுவிட்டுப் போங்கள். சிரிக்கச் சொல்வதுதானே என் தொழில்.