வாலாட்டியின் கல்

வெளியூர்ப் பயணம் என்றாலே சமையல்காரம்மாவுக்கு வேப்பங்காய். காலமெல்லாம் ஆஸ்பத்திரி சமையல்கட்டில் அண்டாக்களோடு மல்லுக்கட்டியவர், ஓய்வு பெற்ற பிறகும் வாசற்படி தாண்டமாட்டார். ஆனால் டீச்சர் வேலை பார்க்கும் மருமகள், "அத்தை, இயற்கையைப் பத்தி எழுதின அந்த எழுத்தாளர் வாழ்ந்த வீட்டையும் தோட்டத்தையும் பார்த்துட்டு வரலாம், வாங்க" என்று கூப்பிட்டதும் மறுபேச்சில்லாமல் காரில் ஏறிவிட்டார்.

"இன்னைக்கு மழை கொட்டப் போகுது" என்று கிண்டலடித்தான் மகன்.

இளம் வயதில் அந்த வீட்டில்தான் அவர் சமைத்தார் என்பது இருவருக்கும் தெரியாது. முதல் புருஷன் கைவிட்டுப் போன பிறகு, இடுப்புக் குழந்தையோடு அங்கே போய்ச் சேர்ந்தார். பின்கட்டில் ஒரு அறை கொடுத்தார்கள். குழந்தை நடக்கத் தொடங்கியதும் ஒரு இடத்தில் கால் தரிக்காது. வாலை ஆட்டிக்கொண்டே திரியும் குருவி மாதிரி இருக்கிறாள் என்று எழுத்தாளரே அவளுக்கு 'வாலாட்டி' என்று பட்டப்பெயர் வைத்தார்.

இப்போது நினைவில்லமாகிவிட்ட அந்த வீடு பளபளவென்று இருந்தது. எழுத்தாளரின் மூக்குக்கண்ணாடியும் தொப்பியும் கண்ணாடிப் பெட்டிக்குள். அடுப்படி புத்தகக் கடையாகிவிட்டது. சுவரிலிருந்த புகையை யாரோ சுரண்டி வெள்ளையடித்திருந்தார்கள்.

வழிகாட்டிப் பெண் சுறுசுறுப்பாகப் பேசினாள். "ஐயா ஒரு புல்லைக்கூடக் கிள்ள விடமாட்டார். பாம்பு வந்தாலும் அடிக்கக் கூடாது. 'நாமதான் அது வீட்டுக்கு வந்த விருந்தாளி'ன்னு சொல்வாராம்."

கூட்டம் ரசித்துச் சிரித்தது. சமையல்காரம்மா தடுப்புக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

அந்த நாளில் ஒரு பாம்பு பின்கட்டு விறகுக் குவியலுக்குள் குடியிருந்தது. "ஐயா, குழந்தை ஓடியாடுற இடம். யாரையாவது விட்டுப் பிடிச்சிட்டுப் போகச் சொல்லுங்க" என்று அவர் கெஞ்சிப் பார்த்தார். "நாம தொந்தரவு பண்ணாம இருந்தா அது நம்மைத் தொடாதும்மா" என்று எழுத்தாளர் சிரித்தார். ஒரு மத்தியானம் பூனைக்குட்டியைத் தேடி வாலாட்டி விறகுக்குள் கையை விட்டாள். எழுத்தாளரே அலறியடித்துக்கொண்டு காரை ஓட்டினார். ஆஸ்பத்திரி வாசலை எட்டுமுன்பே பிள்ளை அம்மா மடியில் சில்லிட்டுப் போனாள்.

திரும்பி வந்தபோது தோட்டக்காரர் கடப்பாரையோடு விறகைக் கலைத்துக்கொண்டிருந்தார். எழுத்தாளர் குறுக்கே போய் நின்றார். "வேண்டாம்ப்பா. அது வேணும்னு செய்யல." கன்னமெல்லாம் கண்ணீர். அந்த அழுகை பொய்யில்லை. ஆனால் அவருடைய தராசில் தன் பிள்ளையும் பாம்பும் ஒரே எடை என்பது அந்தத் தாய்க்கு அப்போது விளங்கியது. தோட்டத்தின் கோடியில் குழந்தையைப் புதைத்து, ஒரு தட்டைக் கல்லை எழுத்தாளரே இழுத்து வந்து வைத்தார். விடிந்ததும் சமையல்காரம்மா மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பினார். பிறகு ஆஸ்பத்திரி வேலை, இன்னொரு கல்யாணம், இந்த மகன். வாலாட்டியைப் பற்றி ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை.

வழிகாட்டி கூட்டத்தைத் தோட்டத்தின் கோடிக்கு, அந்தத் தட்டைக் கல்லருகே கூட்டிப் போனாள். "கடைசிக் காலத்துல ஐயா தினமும் சாயங்காலம் இந்தக் கல் பக்கத்துல வந்து தரையில உட்காருவார். ஏன்னு யாருக்கும் தெரியாது" என்றாள் வழிகாட்டி. "இப்போ வர்றவங்க எல்லாரும் இதுமேல உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கறாங்க. நீங்களும் எடுத்துக்கலாம்."

மருமகள்தான் முதலில் போய் உட்கார்ந்தாள். தலைமுடியைச் சரிசெய்துகொண்டு, "ம், எடுங்க" என்றாள்.

"எந்திரிடி!"

அத்தை அவளை ஒரு நாளும் 'டி' போட்டுக் கூப்பிட்டதில்லை. கூட்டமே திரும்பிப் பார்த்தது.

"எந்திரிடி அங்கேருந்து! அதுக்குக் கீழ என் பொண்ணு இருக்கா!"

மருமகள் துள்ளி எழுந்தாள். சமையல்காரம்மா புல்லில் சரிந்து உட்கார்ந்து, இத்தனை வருஷமும் விழுங்கி வைத்திருந்ததைத் துண்டு துண்டாகச் சொல்லி முடித்தார். வழிகாட்டி ஓடிப்போய் மேனேஜரைக் கூட்டி வந்தாள். அவர் மரியாதையாகத்தான் பேசினார்.

"அப்படி ஒரு தகவல் எங்ககிட்ட இல்லைங்களே. அம்மாவுக்கு வயசாயிடுச்சு, இடம் மாறிக் குழம்பியிருக்கலாம். எதுக்கும் மேலிடத்துல சொல்லிப் பார்க்கறேன்."

அதற்குள் அடுத்த கூட்டம் வந்துவிட்டது. ஒரு அப்பா தன் குழந்தையைத் தூக்கிக் கல்மேல் நிறுத்தப் போனார். மருமகள் பாய்ந்து போய்க் கையை விரித்துக்கொண்டு குறுக்கே நின்றாள். எவ்வளவு நேரம்தான் நிற்பாள்? மூடும் மணி அடித்ததும் காவலாளி எல்லாரையும் வெளியே அனுப்பினார்.

கார் வெகுதூரம் வந்துவிட்டது. கடைசியில் மகன்தான், "எனக்கு ஒரு அக்கா இருந்தான்னு ஏம்மா சொல்லல?" என்றான்.

"சொல்லியிருந்தா, 'பார்க்க எப்படிம்மா இருப்பா?'ன்னு கேட்டிருப்பே. எனக்கு அவ முகம் மறந்துபோய் ரொம்ப காலம் ஆச்சுப்பா."

மகன் வண்டியை ஓரங்கட்டி, ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டான். பின்னாலிருந்து மருமகளின் கை அத்தையின் தோளைத் தொட்டது. அத்தை அதை விலக்கவுமில்லை, பிடித்துக்கொள்ளவுமில்லை. "கிளம்புப்பா, இருட்டிடும்" என்றார்.