இடது கன்னம்

பேகம்பூரில் இருக்கும் என் ஸ்டூடியோவுக்கு அந்த டீச்சர் ஒரே ஒரு முறைதான் வந்தார். நாற்பது வயதிருக்கும். பேசும்போதெல்லாம் ஒரு விரல் இடது கன்னத்தை அழுத்திக்கொண்டே இருந்தது. கன்னம் எடுப்பாகத் தெரிய என்றோ போட்டுக்கொண்ட ஊசி மருந்து, கரையாமல் அங்கே புளியங்கொட்டை அளவுக்குக் கட்டியாகிவிட்டதாம்.

"வலி தாங்கலைண்ணே. நாளைக்கு மதுரையில ஆப்ரேசன். அதுக்கு முன்னாடி சிரிச்ச மாதிரி ஒரு போட்டோ எடுங்க."

எடுத்தேன். கல்யாணப் படங்களில் பருக்களை அழித்துப் பழகிய கை, கம்ப்யூட்டரில் அந்தக் கட்டியையும் துடைத்துவிட்டது. அதைப் பார்த்ததும் அவர் விரல் கன்னத்திலிருந்து இறங்கியது.

"இம்புட்டு லேசா எடுத்துட்டீகளே! சதையோட ஒட்டிக்கிருச்சாம். பக்கத்துலயே நரம்பு ஓடுதாம். அதுல கத்தி பட்டா வாய் கோணிரும்னு டாக்டர் சொல்றாரு. பயமா இருக்குண்ணே."

நான் மவுஸிலிருந்து கையை எடுத்தேன்.

"கட்டியத் திருப்பி வச்சிருங்க. என் சிரிப்பு உள்ளபடியே இருக்கட்டும்."

திருப்பி வைத்தேன். பிரிண்ட் போடுவதற்காகப் பெரிதாக்கியபோதுதான் கவனித்தேன். அந்தச் சிரிப்பு ஏற்கெனவே இடப்பக்கம் லேசாகக் கோணியிருந்தது.

நான் சொல்லவில்லை. படத்தை வாங்கியவர் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு விரலை மறுபடி கன்னத்தில் வைத்தபடி படியிறங்கிப் போனார்.