கர்ட்டனம்மாவின் குவளை

தோளில் குத்தியிருக்கும் குண்டூசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, ஜன்னலோரம் இருக்கும் சோப்புக்கட்டியில் செருகிவிட்டுத்தான் கர்ட்டனம்மா மாவில் கை வைக்கிறார். ஒருமுறை அவசரத்தில் இதை மறந்துவிட்டார். அன்றைய ரொட்டியில் ஊசி கிடைத்தது அவருடைய சொந்த அண்ணனுக்கு. அண்ணன் இன்றைக்கும் அந்த வீட்டில் எதைச் சாப்பிட்டாலும் முதலில் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறார். ஊசிக்கு இத்தனை மரியாதை இருந்தாலும், கழுத்தில் தொங்கும் இஞ்ச் டேப்பைக் கழற்றும் வழக்கம் மட்டும் கிடையாது. அது பாட்டுக்கு மாவில் புரண்டு புரண்டு, எண்களெல்லாம் வெளுத்துப்போய்த் தொங்குகிறது.

வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் திரைச்சீலை தைப்பது அவர் தொழில். பேரும் அதிலிருந்து வந்ததுதான். முன்னறையில் தையல் மெஷின், சுவரோரம் துணிச்சுருள்கள், நடுவே ஆள் நடக்க ஒரு ஒற்றையடிப் பாதை. யார் வீட்டுக்குப் போனாலும் அவர் கண் வீட்டுக்காரரைப் பார்ப்பதற்கு முன்னால் ஜன்னலைப் பார்த்துவிடும். துக்கம் கேட்கப் போன இடத்தில்கூட, "இந்த ஜன்னலுக்குத் துணி குறைச்சலா எடுத்திருக்காங்க" என்று பக்கத்தில் இருந்தவர் காதில் சொன்னவர் அவர். திரையைப் பற்றி அவருக்கு ஒரே கொள்கைதான்: "தரையைத் தொடவும் கூடாது, தொடாமலும் இருக்கக் கூடாது." கேட்பவர்கள் முழிப்பார்கள். மாட்டி முடித்தபிறகு தலையாட்டுவார்கள்.

இன்னொரு கொள்கையும் உண்டு. யாரிடமும் எதையும் கேட்பதில்லை. மேலே எட்டாவிட்டால் பக்கத்துக் கடையில் ஏணி கேட்கமாட்டார். மேஜைமேல் நாற்காலி, நாற்காலிமேல் ஸ்டூல், ஸ்டூல்மேல் கர்ட்டனம்மா. பார்ப்பவர்கள்தான் ஓடிவந்து மேஜையைப் பிடித்துக்கொள்வார்கள். "கேட்டு வாங்குற புத்தி எனக்கு வராது" என்பார், ஏதோ பட்டம் வாங்கியதுபோல. அது பெருமையா, இல்லை கேட்டால் இல்லையென்று சொல்லிவிடுவார்களோ என்ற பயமா என்று அவரைக் கேட்க யாருக்கும் தைரியம் வந்ததில்லை.

சனிக்கிழமை காலை மெஷினுக்கு உறை போட்டுவிடுவார். அன்றைக்கு ரொட்டி. அவருடைய அம்மா செய்த ரொட்டி. கடையில் வாங்கும் பஞ்சுபோன்ற சமாச்சாரம் இல்லை. போன வாரத்து மாவில் ஒரு உருண்டையை ஜாடியில் எடுத்து வைத்திருப்பார். அதுதான் இந்த வாரத்துக்குப் புளிப்பு. வெள்ளிக்கிழமை சாயங்காலமே அதைக் கரைத்து, பிசைந்து, ஈரத்துணி போட்டு மூடிவிட்டால், விடிவதற்குள் மாவு துணியை முட்டிக்கொண்டு நிற்கும். அதைத் தட்டி அடக்கி, இன்னொருதரம் பிசைந்து, மறுபடி பொங்கவிட்டு ஓவனுக்குள் தள்ளுவார். வெந்த ரொட்டியைக் கவிழ்த்துப் பிடித்து, அடியில் விரல் முட்டியால் தட்டிக் காதை வைத்துக் கேட்பார். "உள்ள யாரும் இல்லைன்னு சத்தம் வரணும். அப்பதான் வெந்திருக்குன்னு அர்த்தம்."

அளவு சுலபம். மாவு, ஒரு பழைய பிஸ்கட் டின்னால் ஒன்றரை. உப்பு, உள்ளங்கைக் குழி நிறைய. தண்ணீர், அம்மா காலத்து அலுமினியக் குவளையில் தளும்பத் தளும்ப ஒன்று.

அந்தக் குவளைக்கு ஒரு கதை உண்டு. அம்மாவின் ரொட்டி ஆரம்பத்தில் அவ்வளவு சுகமாக இருக்காதாம்; நடுவில் எப்போதும் சொதசொதவென்று இருக்குமாம். அதை அப்பா ஒருநாள் வாய்விட்டுச் சொல்லிவைத்தார். அம்மா கையில் இருந்த குவளை பறந்தது. அப்பா குனிந்துகொண்டார், கதவு நிலை குனியவில்லை. குவளையின் வயிற்றில் பெரிதாக ஒரு நசுங்கல். கோபம் ஆறி, அடுத்த வாரம் அதே குவளையில் தண்ணீர் ஊற்றிப் பிசைந்தால், ரொட்டி அமர்க்களமாக வந்தது. பிறகு அந்த நசுங்கலை எடுக்க யாரும் துணியவில்லை. அப்பா சாகிற வரைக்கும், "என்னால வந்த ருசி" என்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டார்.

இந்த வருஷ ஆரம்பத்தில் மகளும் மருமகனும் வந்து சேர்ந்தார்கள். அவர்கள் இருந்த வாடகை வீட்டை இடித்துக் கட்டப்போவதாகச் சொல்லிவிட்டார்கள். வேறு இடம் கிடைக்கும்வரை இங்கே என்று ஏற்பாடு. மகள் மருந்துக்கடையில் வேலை. மருமகன் கார் பட்டறையில் டிங்கர். இடிபட்டு வரும் வண்டிகளின் நசுங்கலைத் தட்டி எடுத்து, இடித்த சுவடே தெரியாமல் செய்து அனுப்புகிறவர். கைக்கு வேலை தெரிந்த அளவுக்கு வாய்க்குப் பேச்சு வராது. மாமியார் முன்னால் நாற்காலி நுனியில்தான் உட்காருவார். பட்டறையில் கூட்டாளிகள், 'வீட்டோட மாப்பிள்ளை' என்று ஓட்டுவது வேறு அவரைக் குடைந்துகொண்டிருந்தது. ஓய்வு கிடைத்தபோதெல்லாம் வீடு தேடி அலைந்தார்.

அவர்கள் வந்தபிறகு கர்ட்டனம்மா சாயங்காலம் விளக்கைச் சீக்கிரமே போட ஆரம்பித்திருந்தார். மகள் சிரிக்கும் சத்தம் உள்ளறையிலிருந்து வந்தால் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்பார். அவர்கள் போய்விடக் கூடாது என்று அவருக்கு நெஞ்சு முட்ட ஆசை. ஆனால் 'இருங்க' என்று சொல்லவேண்டுமே. கேட்டு வாங்குற புத்திதான் கிடையாதே.

ஒருநாள் மருமகன் பட்டறையிலிருந்து வந்து, காகிதத்தில் சுற்றிய எதையோ சமையலறை மேஜைமேல் வைத்துவிட்டு விறுவிறுவென்று குளிக்கப் போய்விட்டார். பிரித்தால், அம்மாவின் குவளை. நசுங்கல் போன இடம் தெரியவில்லை. முகம் பார்க்கலாம்போலப் பளபளப்பு வேறு. அந்த வீட்டில் அவர் தானாக, ஆசையாகச் செய்த முதல் காரியம் அது. மகளுக்குப் பெருமை தாங்கவில்லை. கர்ட்டனம்மாவும் நன்றாக இருக்கிறது என்றார். மனசாரத்தான் சொன்னார்.

அந்த வாரம் மாவு கையைவிட்டுப் போகவே மாட்டேன் என்றது. ரொட்டி பரந்து படுத்து, நடுவில் ஈரமாக இருந்தது. மாவு மட்டம் என்று கடையை மாற்றினார். அடுத்த வாரமும் அதே கதி. புளிப்பைத் திட்டினார், மழையைத் திட்டினார், ஓவனைத் திறந்து அதற்கும் நாலு வார்த்தை சொன்னார். அதற்கடுத்த முறை குழாயடியில் குவளையைப் பிடித்தபோது, அவருடைய கட்டைவிரல் பழகிய பள்ளத்தைத் தேடி வழுக்கியது. அப்போதுதான் உறைத்தது. நசுங்கல் அடைத்துவைத்திருந்த இடத்திலெல்லாம் இப்போது தண்ணீர்.

மகளைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். கொஞ்சம் குறைத்து ஊற்றினால் தீர்ந்தது என்றாள் அவள். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று கேட்டார் இவர். ஜன்னலைக் கண்ணாலேயே அளக்கிறவருக்கு இந்தக் 'கொஞ்சம்' மட்டும் பிடிபடவில்லை. அம்மா விட்டுப்போனது ரொட்டி. அதில் தன் இஷ்டத்துக்கு ஊகம் செய்ய மனம் வரவில்லை. மகள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதம்மா. ஏற்கெனவே ஒரு வீடு பாத்து வச்சிருக்கார். இதையும் கேட்டா, நாளைக்கே பெட்டியைக் கட்டிடுவார்."

அந்த வாரம் முழுக்க கர்ட்டனம்மா தைத்த திரைகளில் ஒன்று தரையைத் தொட்டது. இன்னொன்று எட்டவே இல்லை. இரண்டையும் பிரித்துத் தைத்தார்.

சனிக்கிழமை காலை மருமகன் காபி குடித்துக்கொண்டிருந்தபோது அவர் முன்னால் குவளையைக் கொண்டுவந்து வைத்தார். தொண்டையைச் செருமினார். மகளுக்குக் கல்யாணமான நாளிலிருந்து அந்த மனிதரிடம் அவர் எதுவும் கேட்டதில்லை.

"மாப்ளே, உங்களால ஒரு வேலை ஆகணும்."

"சொல்லுங்க அத்தை."

"இதுல ஒரு நசுங்கல் இருந்துச்சே. அது எனக்குத் திரும்ப வேணும்."

மருமகன் முகம் சுருங்கிவிட்டது. மகள் அம்மாவை எரித்துவிடுவதுபோலப் பார்த்தாள். கர்ட்டனம்மா கண்டுகொள்ளவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, குவளை பறந்த கதையை ஆதியிலிருந்து சொன்னார். அப்பா குனிந்ததை நடித்தே காட்டினார். மருமகனுக்குக் காபி புரையேறியது. அந்த வீட்டில் அவர் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

சிரித்து ஓய்ந்து, குவளையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எடுத்துதான் பழக்கம் அத்தை. வச்சுப் பழக்கமில்ல" என்றார். ஆழம் எவ்வளவு, அகலம் எவ்வளவு, விளிம்பிலிருந்து எவ்வளவு கீழே என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டார். கர்ட்டனம்மா டேப்பைத் தொடவே இல்லை. கட்டைவிரலை வளைத்துக் காட்டினார். மருமகன் மணல் நிரப்பிய பையின்மேல் குவளையைச் சாய்த்து, மரச்சுத்தியலால் மெதுவாக ஒரு தட்டு தட்டினார். ஊரே நசுங்கலை எடுக்கக் கொடுக்கும் கையால், அத்தனை பயபக்தியோடு ஒரு நசுங்கலை வைத்தார்.

பள்ளம் போதவில்லை. ரொட்டி இன்னும் இளகித்தான் இருந்தது. அடுத்த வாரம் ஆழம் கூடிப்போய், ரொட்டி செங்கல். மருமகன் அதையும் கடித்துச் சாப்பிட்டுவிட்டு, உள்ளிருந்து கொஞ்சம் தட்டி எடுத்தார். இதற்குள் அவர் பார்த்துவைத்திருந்த வீட்டுக்காரர் ஆள்மேல் ஆள் அனுப்பினார். மருமகன் வாசலில் நின்று பதில் சொன்னது தையல் மெஷின்வரை கேட்டது: "கையில ஒரு வேலை இருக்குங்க. பாதியில விட்டுட்டு வந்தா நல்லா இருக்காது. முடிச்சதும் வந்துடறோம்." மெஷின் ஒரு நிமிஷம் நின்று, பிறகு ஓடியது.

போன சனிக்கிழமை மாவு கையில் ஒட்டாமல் உருண்டது. ஓவனைத் திறந்ததும் வீடு முழுக்க அந்தப் புளிப்பு வாசம் கிளம்பியது. கவிழ்த்துத் தட்டினால், உள்ளே யாரும் இல்லை என்று பளிச்சென்று சத்தம். ஆறவைத்த ரொட்டியின் ஓரத்துண்டை வெட்டி, வழக்கம்போல நின்றுகொண்டே வாயில் போட்டார் கர்ட்டனம்மா. மேலே மொறுமொறுப்பு, உள்ளே மெத்து, கடைசியில் நாக்கின் ஓரத்தில் அந்த லேசான புளிப்பு. அவருடைய அம்மாவே வந்து நின்றதுபோல இருந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு நிதானமாக மென்றார்.

மருமகன் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நுனியில் உட்காரும் பழக்கம் எப்போது போனது என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"சரியா வந்துடுச்சா அத்தை?"

மகள் ஒரு வாய் சாப்பிட்டாள். கண்கள் விரிந்தன. ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். கர்ட்டனம்மா இன்னொரு துண்டில் வெண்ணெயை அப்பி, அவள் தட்டில் வைத்து, தோளை ஒரு அழுத்து அழுத்தினார். மகள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டாள்.

"ஒரு இம்மி குறையுது மாப்ளே" என்றார் கர்ட்டனம்மா. "அவசரமில்ல. மெதுவா பாத்துக்கலாம்."

மருமகன் ஆகட்டும் என்று தலையாட்டினார். இம்மி குறைந்த ரொட்டியில் நாலு துண்டு சாப்பிட்டுவிட்டு வேலைக்குக் கிளம்ப உள்ளே போனார். கர்ட்டனம்மா குவளையைக் கழுவினார், ஈரம் போகத் துடைத்தார். குழாய்க்கு மேலே அலமாரியில் அதற்கென்று இருக்கும் இடத்தைத் தாண்டி நடந்து, வாசலோரம் இருந்த மருமகனின் சுத்தியல் பையின்மேல் அதை வைத்துவிட்டு வந்தார்.