இந்தியா அணியில் ஓர் இடம்

என்னை ஆஸ்திரேலியாவுக்கு ஆடச் சொன்னான் சித்தப்பா மகன். என்னைவிட இரண்டு வயது மூத்தவன். பீளமேட்டில் எங்கள் தெரு கிரிக்கெட்டுக்கு நிரந்தர கேப்டன். மட்டையும் பந்தும் அவனுடையவை என்பதால் அந்தப் பதவிக்குப் போட்டியே கிடையாது. நாங்கள் மெல்போர்னிலிருந்து விடுமுறைக்கு வந்து இறங்கிய மறுநாள் காலை, இந்தியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் மேட்ச் என்று அறிவித்து ஆள் பிரித்தான். ஆஸ்திரேலியாவுக்கு ஆட யாரும் சம்மதிக்காமல் அதுவரை தினமும் சண்டையாம். அந்தச் சிக்கலைத் தீர்க்கவே விமானம் ஏறி வந்தவள்போல நான் அகப்பட்டேன்.

"நீ அந்த ஊருப் புள்ளதான? போ, அந்தப் பக்கம் நில்லு" என்றான்.

எட்டு வயதில் எனக்கு அழுகையைவிடக் கோபம் சீக்கிரம் வரும். மெல்போர்னில் பள்ளி மைதானத்தில் ஆடினால் என்னைக் கேட்காமலேயே இந்தியாவில் சேர்த்துவிடுவார்கள். கிரிக்கெட் மட்டுமா? யோகா, புலி, மிளகாய்க் காரம், எதைப் பற்றிச் சந்தேகம் வந்தாலும் வகுப்பே என் பக்கம் திரும்பும். புலியைக் கண்ணால் பார்க்காமலேயே இந்தியா முழுவதற்கும் நான் ஒருத்தியே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அங்கே நம்மவர்கள் கூடும் இடத்துக்குப் போனால் வேறு கூத்து. எங்கள் வீட்டுப் பேச்சு தெலுங்கு. முன்னோர் எந்தக் காலத்திலோ கொண்டுவந்து, கோயமுத்தூரிலேயே ஊறிப்போன தெலுங்கு. யுகாதி விழாவில் அதைக் கேட்ட ஆந்திரக்காரர்கள், "நீங்கள் தமிழர்களா?" என்று சிரித்தார்கள். பொங்கல் விழாவில் அம்மா என்னை அதட்டியதைக் கேட்ட தமிழர்கள், "ஓ, நீங்க தெலுங்கா?" என்றார்கள். இரண்டு இடத்திலும் அம்மா "கோயமுத்தூருங்க" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டு வரிசையில் போய் நின்றாள்.

ஆக, எல்லாரும் மறுபேச்சில்லாமல் எனக்குக் கொடுத்திருந்த இடம் இந்தியா ஒன்றுதான். அதையும் சொந்தத் தெருவில் சொந்த அண்ணனே பிடுங்கினால் விடுவேனா?

சித்தப்பாவின் லேத் பட்டறையிலிருந்து வந்த காலி கிரீஸ் டின்தான் எங்கள் ஸ்டம்ப். நேராகப் போய் அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

"எந்திரி. மேட்ச் நடக்கோணும்."

"இண்டியாவுல சேத்துனாத்தான் எந்திரிப்பேன்."

எதிர்வீட்டுப் பெண் ஒருத்தி சமாதானத்துக்கு வந்தாள். "ஜோக்கரா இருந்துக்கோ. ரெண்டு டீமுக்கும் பேட்டிங் புடிக்கலாம்" என்றாள். ஆள் ஒற்றைப்படையில் வந்தால் மிஞ்சுகிற ஒருவர் இரண்டு அணிக்கும் ஆடுவார். அவருக்குத்தான் எங்கள் தெருவில் ஜோக்கர் என்று பெயர். யோசித்தால் அது லாபமான பதவி. ஆனால் ஜோக்கருக்குத் தோல்வியும் இல்லை, வெற்றியும் இல்லை. ஆட்டம் முடிந்து எல்லாரும் கத்தும்போது அவர் யாரோடு சேர்ந்து கத்துவார்? வேண்டாம் என்றேன். டின்னின் விளிம்பு தொடையில் பதிந்து வலித்தது. அசையவில்லை.

வெயில் ஏறியது. சித்தப்பா வந்து, "எந்திரி அம்மணி, ஐஸ்கிரீம் வாங்கித் தாரேன்" என்று ஆசை காட்டினார். அதற்கும் மசியவில்லை. கடைசியில் அண்ணன், வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் அப்பாவிடம் வழக்கைக் கொண்டுபோனான். தெருவுக்கே கேட்க வேண்டும் என்பதால் தமிழில் கேட்டான்.

"ஏனுங் பெரியப்பா, நீங்களே சொல்லுங்க. இவ எந்த டீமு?"

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். இந்தியா ஆடுகிற நாளில் வேலைக்கு லீவு போடுகிறவர் அவர். ஆனால் அப்பா பேப்பரை மடித்தார். விரித்தார். மறுபடியும் மடித்தார். என்னைப் பார்த்தார். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. ஒரே ஒரு வார்த்தை, அதைச் சொல்ல இவ்வளவு யோசனையா?

அப்போது அம்மா வெளியே வந்தாள். கையெல்லாம் மாவு. என்ன ஏது என்று யாரையும் விசாரிக்கவில்லை. சமையலறை ஜன்னல் வழியே எல்லாம் கேட்டிருக்கும்.

"அவ இண்டியாதான் கண்ணு. பேட்டக் குடு" என்றாள் அண்ணனிடம். பிறகு அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். அவர் பேப்பருக்குள் போய்விட்டார்.

அம்மாவை எதிர்த்துப் பேசும் துணிச்சல் எந்தக் கேப்டனுக்கும் கிடையாது. அண்ணன் மட்டையைக் கொடுத்துவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே ஆஸ்திரேலியாவுக்கு அவனே போனான். முதல் பந்திலேயே என்னை அவுட்டாக்கி மனதை ஆற்றிக்கொண்டான். எனக்குத் துளியும் வருத்தமில்லை. அம்மாவிடம் ஓடி, "நான் இண்டியாவுக்கு அவுட் ஆனேன்!" என்று கத்தினேன். அவள் சிரித்தாள். என் தலையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவேயில்லை. தலையெல்லாம் மாவாகிறதே என்று நான்தான் திமிறிக்கொண்டு ஓடினேன்.

அந்தப் பயணத்துக்குச் சில மாதம் முன்பே நாங்கள் மூவரும் ஆஸ்திரேலியக் குடிமக்கள் ஆகியிருந்தோம் என்பது பல வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. பட்டு உடுத்திப் போய் யாரோ ஒரு பெரியவரிடம் கைகுலுக்கிய அந்தக் குடியுரிமை விழாவை நான் ஏதோ பள்ளி விழா என்று நினைத்திருந்தேன். இரண்டு நாட்டுக்கும் குடிமக்களாக இருக்க நம் சட்டத்தில் இடமில்லை. அதைப் பெற்றால் இதை விட வேண்டும். அப்பா முடியாது என்றிருக்கிறார். என் படிப்பு, என் எதிர்காலம் என்று விடாப்பிடியாகப் பேசி அவரைச் சம்மதிக்க வைத்தது அம்மாதான். சொந்த ஊருக்கு விசா வாங்கிக்கொண்டு வந்திருந்தார்கள். அதைக் கோயமுத்தூரில் ஒருவரிடமும் சொல்லவில்லை.

எனக்காக இந்தியாவை விட்டவள், எனக்காகத் தெருப் பிள்ளைகளிடம் அதைக் கேட்டு வாங்கினாள். கேட்டது எனக்கு மட்டும்தானா என்று யோசிக்க அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.