பால்மா டின்னில் செய்த விண்கலம்

அக்கா வீட்டு ஃபிரிட்ஜின் மேல் அந்த டின் இன்னும் இருக்கிறது. பால்மா டின்னில் அலுமினியத் தாளைச் சுற்றி, இரண்டு அட்டைச் சிறகு ஒட்டி, ஒரு கம்பி செருகியது. மனிதர்கள் ஆரம்ப காலத்தில் வெள்ளிக் கிரகத்துக்கு அனுப்பிய ஆளில்லாக் கலத்தின் மாதிரி. ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது அக்காவின் மகள் பள்ளிக்காகச் செய்தாள்.

2012இல் ஸ்பிரிங்வேலில் அந்த வீட்டின் பின்னறையில் நான் வாடகைக்கு இருந்தேன். நான் மதுரைக்காரி, கணினி வேலை. அக்கா யாழ்ப்பாணம், மகளோடு முன்னமே படகில் வந்து சேர்ந்தவர். அந்த வருடம் அவர் கணவரும் இங்கே வருவதற்காக இந்தோனேசியாவில் படகேறினார். "வெளிக்கிடுறம், போட்டு வாறன்" என்று பேசியதுதான் கடைசி. பிறகு போன் வாயே திறக்கவில்லை. அக்கா அதைக் குளியலறைக்கும் கொண்டுபோவார். அரிசி கழுவும் சத்தத்தில் மணி கேட்காமல் போய்விடுமோ என்று குழாயைச் சொட்டுச் சொட்டாகத் திறப்பார். அந்தப் பயம் எனக்கும் தொற்றிக்கொண்டது. வேலை முடிந்து வந்தால், உள்ளே அழுகைச் சத்தம் கேட்கிறதா என்று வாசலில் நின்று கவனித்துவிட்டுத்தான் சாவியைப் போடுவேன்.

ஒரு மாலை, குசினி மேசையில் மகள் அந்தக் கலத்தைப் பற்றிப் பள்ளிக்கு ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் சொல்லிக் காட்டினாள். கலம் புறப்பட்டுச் சில நாள் பேசியது, பாதி வழியில் பேச்சு நின்றது, தொலைந்துபோனது.

அக்கா வெங்காயம் வெட்டுவதை நிறுத்தினார். "கடைசிச் சொல்லை அழி."

"அதுதான் ஃபாக்ட், அம்மா."

"கதைக்கேல்லை எண்டு எழுது. துலைஞ்சு போச்செண்டு ஆர் கண்டது?"

என் அம்மா விளக்கை 'அணை' என்று சொல்லமாட்டாள், அது அமங்கலமாம்; 'குளிர வை' என்பாள். படித்தவளான நான் அதைக் கேலி செய்ததுண்டு. அன்று சிரிப்பு வரவில்லை. நானே ரப்பரை எடுத்துக் கொடுத்தேன். மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "இன்னும் போய்க்கொண்டிருக்கிறது" என்று மாற்றி எழுதினாள்.

தாள் திரும்பி வந்தபோது அந்த வரிக்குச் சரி போட்டிருந்தது. கலம் வெள்ளியைக் கடந்து போய், பேச்சில்லாமல் சூரியனைச் சுற்றிக்கொண்டிருக்குமாம். ஆசிரியையே சொன்னாராம். பல நாளுக்குப் பிறகு அக்கா அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டார். எனக்கோ பயம் கூடிவிட்டது. ஒரு முடிவும் தெரியாமல் ஆயுள் முழுக்கக் காத்திருப்பதும் நடக்கும் என்று அப்போதுதான் உறைத்தது.

அந்தப் படகைப் பற்றி இன்றுவரை தகவல் இல்லை. மகள் இப்போது பல்கலைக்கழகம் போகிறாள். போன வாரம் நான் அக்கா வீட்டில் அவர்களோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அக்காவின் போன் அடித்தது. மூன்று பேரின் கையும் சோற்றில் நின்றது. மின்சாரக் கம்பெனிக்காரர்கள். அக்கா போனை வைத்துவிட்டு எழுந்து, டின்னின் தூசியைத் துடைத்து, சாய்ந்திருந்த கம்பியை நிமிர்த்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"சாப்பிடுங்கோ, சோறு ஆறுது" என்றார்.