மானுக்குப் போட்ட வாய்க்கரிசி

இந்த ஜெர்மனியில் காட்டு றோட்டுக் கரையில் ஒரு பலகை நிற்கும். சிவப்பு முக்கோணத்துக்குள் ஒரு மான் துள்ளும். மான் குறுக்கே வரும், மெதுவாகப் போ என்று அர்த்தம். வந்த புதிதில் எனக்கு அது பகிடியாக இருந்தது. இப்போது பார்த்தால் எரிச்சல் வருகிறது. மான் எந்தக் காட்டிலிருந்தும் எந்தக் காட்டுக்கும் போகலாம், கார்க்காரன்தான் நிதானிக்க வேண்டும். என்னைப் போல அகதி விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருக்கிறவன் வுப்பர்டால் எல்லையைத் தாண்டுவதென்றால் கந்தோருக்குப் போய் அன்ட்ராக் என்கிற மனு எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். இல்லாமல் போய்ப் பொலிஸிடம் அகப்பட்டால் தண்டம் கட்ட வேண்டும், விண்ணப்பத்துக்கும் கூடாது. ஊரில் இருக்கிறவர்கள் நான் ஐரோப்பா சுற்றுவதாக நினைக்கிறார்கள். நான் சுற்றியது ஒரே ஒரு தரம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்பத்தாறாம் ஆண்டு மாரி தொடங்குகிற நேரம் அப்பா ஆஸ்பத்திரியில் செத்துப்போனார். நெஞ்சு வருத்தம். அந்தக் கிழமை முழுக்க ஷெல் அடி, றோட்டுப் பூட்டு. அம்மாவால் போய்ப் பார்க்க முடியவில்லை. அங்கே நின்ற யாரோ நாலு பேர்தான் கொண்டுபோய் எரித்தார்கள். சந்திக் கடைப் போனில் அம்மா சொன்னது எனக்கு இப்பவும் கேட்கிறது. "வாய்க்கரிசி போட ஒரு சனமும் இல்லாமல் போயிட்டாரடா மோனை. நீ மூத்தவன். முப்பத்தோராம் நாளிலையாவது கடலிலை நிண்டு எள்ளுந்தண்ணியும் இறைச்சு, ஒரு பிடி அரிசியும் போட்டுவிடு. எந்தக் கடலெண்டாலும் பறவாயில்லை." அப்பா லொறி ஓட்டினவர். பசி தாங்கமாட்டார். பசித்தால் வீட்டில் எல்லாரோடும் சண்டை பிடிப்பார், சாப்பிட்டதும் சிரிப்பார். அந்த மனிசனை வெறும் வாயோடு அனுப்பிவிட்டோமே என்பதுதான் என்னை நித்திரை கொள்ளவிடவில்லை.

அனுமதி கேட்டுக் கந்தோருக்குப் போனேன். அங்கே இருந்த பெண், அடக்கம் எங்கே என்று கேட்டாள். சிலோனில் என்றேன். எப்போது? முடிந்துவிட்டது. அப்படியென்றால் நீ எங்கே போகப் போகிறாய்? கடலுக்கு, என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கடற்கரைக்கு உல்லாசம் போக அனுமதி தருவதில்லையாம். அந்தக் குளிரில், மழையில், நான் உல்லாசம் போகிறேனாம்! எனக்குத் தெரிந்த டொச்சுப் பாஷையில் அதை விளக்க முடியாது, எழும்பி வந்துவிட்டேன்.

குணம் அண்ணைதான் வழி சொன்னார். அவர் எனக்கு முன்னமே வந்து விசாவும் எடுத்து, ஒரு ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவுகிறார். லைசன்ஸும் இருக்கிறது. அவருடைய முதலாளி வடக்கே ஒரு ஆளின் சொந்த வேட்டைக் காட்டில் மான் இறைச்சி வாங்குகிறவர். அந்தமுறை எடுத்து வரக் குணம் அண்ணையைக் கடை வான் வண்டியோடு அனுப்பினார். காட்டிலிருந்து கடல் ஒன்றரை மணித்தியால ஓட்டம், என்னையும் ஏற்றிக்கொண்டார். "துடக்கோடை இறைச்சி வானிலை அந்தியேட்டிக்குப் போற முதல் ஆள் நீதான்ரா," என்று அவர் சிரித்தார். சாவுத் தீட்டோடு முப்பத்தோராம் நாள் கிரியைக்குப் போகிற எனக்குச் சிரிப்பு வரவில்லை. துருக்கிக் கடையில் வாங்கிய அரிசியும் எள்ளும் இரண்டு பொட்டலமாக என் ஜக்கெட் பொக்கெற்றில் இருந்தன. பொலிஸ் கார் கடந்து போகும்போதெல்லாம் நான் பொக்கெற்றைத்தான் பொத்திப் பிடித்தேன்.

பின்னேரம் போய்ச் சேர்ந்தோம். ஆள் உயரத்துக்கு மேலே கம்பிவேலி, இரும்புக் கேற், அதற்குப் பெரிய பூட்டு. சொந்தக்காரர் ஹெர் க்ளாஸன் பச்சைத் தொப்பியும் பச்சைக் கோட்டுமாக வந்து திறந்தார். உள்ளே எங்கள் ஊர்ப் புள்ளிமான் போலவே மான்கள். வேலிக்குள்ளே பிறந்து வேலிக்குள்ளே சாகிறவை. பலகை மான் ஒன்று, இந்த மான் வேறொன்று என்று அப்போதுதான் விளங்கியது. கேட்ட இறைச்சிக்கு இன்னும் ஒரு மான் குறைகிறதாம். சுட்டு, இரவு முழுக்கக் குளிரில் தொங்கவிட்டு, காலையில்தான் தருவாராம். வேட்டைக்காரர் தங்குகிற குடிலில் எங்களையும் தங்கச் சொன்னார். நாளைக்கு அப்பாவின் முப்பத்தோராம் நாள். இப்பவே போவோம் என்றேன். "விடியத்தானே வெளிக்கிடுறம், சும்மா இரடா," என்றார் குணம் அண்ணை.

இருட்ட முன் வெடிச்சத்தம் கேட்டது. தூக்குவதற்கு எங்களைக் கூப்பிட்டார். மான் புல்லில் சரிந்து கிடந்தது, கண் திறந்தபடி. ஹெர் க்ளாஸன் பக்கத்து ஊசியிலை மரத்தில் ஒரு சின்னப் பச்சைக் கொப்பு முறித்தார். குனிந்து, மானின் வாயை மெதுவாகத் திறந்து, அந்தக் குழையைப் பற்களுக்கிடையில் வைத்தார். பிறகு தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றார். என் தலையில் கம்பளித் தொப்பி இருந்தது. அதையும் கழற்று என்று கண்ணால் காட்டினார். "கடைசி வாய்ச் சாப்பாடாம். செத்த மானுக்கு இவையள் வைக்கிற மரியாதையாம்," என்று குணம் அண்ணை காதுக்குள் சொன்னார்.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. தன் கையால் சுட்டதற்கு வாய்க்குச் சாப்பாடு, தொப்பி கழற்றி மரியாதை! என் அப்பாவுக்கு ஒரு அரிசி இல்லை. அந்த மானை உதைக்க வேணும் போல இருந்தது. ஆனால் என் கை பொக்கெற்றுக்குள் போனது. ஏன் என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது. அரிசிப் பொட்டலத்தைப் பிரித்து, முழங்காலில் நின்று, கையில் வந்ததை அள்ளி அந்தக் குழைக்குப் பக்கத்தில் மானின் வாயில் போட்டேன். நாக்கு இன்னும் சூடாக இருந்தது. பாதி அரிசி புல்லில் சிந்தியது. மிச்சத்தையும் போட்டேன்.

ஹெர் க்ளாஸன் என் தோளைப் பிடித்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். இல்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல மெதுவாகச் சொன்னார்: "டோட். டோட். ஃபெர்ஷ்டேயன்?" செத்துப் போய்விட்டது, விளங்குகிறதா, இனித் தீன் போடத் தேவையில்லை என்கிறார். எனக்குச் சொல்கிறார்!

"கேளுங்கோ அண்ணை," என்று கத்தினேன். "செத்த மான் குழை தின்னுமெண்டால் அரிசி தின்னாதோ எண்டு கேளுங்கோ!"

"விசரா, இதை நான் எப்பிடியடா டொச்சிலை கேக்கிறது? எழும்பு முதல்."

குணம் அண்ணை என்னவோ சொல்லிச் சமாளித்தார். ஹெர் க்ளாஸன் தலையை ஆட்டிவிட்டு, விரலால் மானின் வாயைத் துடைத்து அரிசியை வெளியே எடுத்தார். குழையை மட்டும் திரும்ப வைத்தார்.

சாப்பாட்டு நேரம் அவரே கோப்பையில் மான் இறைச்சிக் கறி போட்டுக் கொண்டுவந்து தந்தார். மனம் நல்ல மனம்தான், பொய் சொல்லக்கூடாது. நான் வேண்டாம் என்றேன். "பன்றி இல்லை, மான், நீ சாப்பிடலாம்," என்று திரும்பத் திரும்பச் சொன்னார். சாவுத் துடக்கில் இறைச்சி தின்னக்கூடாது என்பதை எந்தச் சொல்லால் சொல்வது? வெறும் பாண் ரொட்டியைக் கடித்தேன். குணம் அண்ணை என் கோப்பையையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "உன்ரை கொப்பர் எனக்குச் சொந்தமில்லைத்தானே, எனக்குத் துடக்கில்லை," என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரும் கரண்டியை வைத்துவிட்டார்.

விடிந்ததும் வானில் ஏறி இருந்தேன். கேற் பூட்டியிருந்தது. எல்லா மானுக்கும் தீன் போட்டு முடித்த பிறகுதான் கேற் திறப்பாராம், அதற்கு முன் திறந்தால் அவை வெளியே ஓடுமாம். காட்டின் அந்தக் கரையிலிருந்து இந்தக் கரை வரைக்கும் பீற்றூட் கிழங்கும் வைக்கோலும் போட்டுக்கொண்டு ஆறுதலாக வந்தார். நான் இறங்கிப்போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு குட்டி மான் பக்கத்தில் வந்து என்னைப் பார்த்தது. இரண்டு பேரும் உள்ளேதான் நின்றோம். மத்தியானம் ஆகும்போது திறந்தார். கை தந்தார். நானும் தந்தேன்.

குக்ஸ்ஹாஃபனில் கடற்கரைக்கு மேலே அணை கட்டியிருக்கிறார்கள். புல்லில் ஏறி உச்சியில் நின்று பார்த்தேன். கடல் இல்லை. கண் போகிற தூரம் வரைக்கும் சேறு. எங்கோ கடைசியில் ஒரு வெள்ளிக் கோடு. எங்கள் ஊர்க் கடல் கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும், ஒரு இடமும் போகாது. கடல் எழும்பிப் போகும் என்று எனக்கு யார் சொன்னது? நாயோடு வந்த ஒரு கிழவரிடம் குணம் அண்ணை விசாரித்தார். காலையில் தண்ணீர் இருந்ததாம். இனிப் பின்னேரம்தான் வருமாம்.

"பின்னேரமட்டும் நிக்க ஏலாதடா. இறைச்சி இண்டைக்கே குசினிக்குப் போகவேணும். உன்னையும் ஆரும் பிடிக்கமுதல் கொண்டுபோய் விடவேணும்."

சப்பாத்தைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கினேன். ஊசி குத்துவது போலக் குளிர். வெள்ளிக் கோட்டைப் பார்த்து நடந்தேன், அது கிட்ட வரவேயில்லை. குணம் அண்ணை அணையில் நின்று கைதட்டிக் கூப்பிட்டார். நின்றேன். காலைத் தூக்கினால் என் பாதத் தடத்தில் தண்ணீர் ஊறியது. நக்கிப் பார்த்தேன், உப்பு. கடல்தான்.

தெற்கே பார்த்து இறைக்க வேண்டும். இந்த ஊரில் கடல் வடக்கே. ஆகவே கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பினேன். எதிரே அணை, வான், குணம் அண்ணை, அதற்கப்பால் வுப்பர்டால், அதற்கும் அப்பால் எங்கேயோ அப்பா. எல்லாம் ஒரே திசையில். குனிந்து, என் தடத்துத் தண்ணீரையே கையில் அள்ளி, எள்ளோடு திரும்ப அதற்குள் விட்டேன். போட அரிசி இல்லை. அப்பா, மான் தின்றதை நீங்கள் தின்றதாக நினையுங்கோ, என்று வாய்விட்டுச் சொன்னேன்.

பின்னேரம் கடல் வந்து அந்த எள்ளை எடுத்திருக்கும். அது வருகிற நேரம் நான் என் எல்லைக்குள் நிற்க வேண்டும். வான் வெளிக்கிட்டபோது திரும்பிப் பார்த்தேன், அணைதான் தெரிந்தது. அதற்கு அந்தப் பக்கம் என் கால் தடங்கள் தெற்கே பார்த்தபடி, தண்ணீரும் எள்ளுமாகக் கடலுக்குக் காத்துக்கொண்டிருந்தன. றோட்டுக் கரைப் பலகையில் மான் துள்ளியது. குணம் அண்ணை வேகத்தைக் குறைத்தார்.